அடுத்து என்ன என்று அவனுக்குத் தெரியட்டும்

கேள்வி:

என் மகனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். "தண்ணி", "போலாம்", "வேணாம்" என்று சில வார்த்தைகள் பேசுவான். ஆனால் டி.வி. விளம்பரப் பாட்டை ஒரு சொல் விடாமல் பாடுவான். யூ.கே.ஜி. முடித்துவிட்டான், ஜூனில் ஒன்றாம் வகுப்பு. பள்ளி நடக்கும்போது காலையில் வேன், மாலையில் தெரபி என்று நாள் ஓடிவிடுகிறது. லீவு என்றால்தான் எனக்குப் பயம். போன வருஷம் முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தான். இரண்டாவது வாரத்தில் தூக்கம் கெட்டுப்போனது, கையைக் கடித்துக்கொள்ள ஆரம்பித்தான். நாள் முழுக்கக் கதவைத் திறந்து மூடுவான், குக்கர் மூடியைச் சுற்றிவிடுவான், செருப்புகளை வரிசையாக அடுக்குவான். இணையத்தில் பார்த்து விதவிதமான விளையாட்டுகள் செய்துவைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மே மாதம் தெரபி சென்டரும் இரண்டு வாரம் மூடிவிடுவார்கள். இன்னொரு இடத்தில், முப்பது நாள் கேம்ப்பில் விட்டால் பேச்சு வந்துவிடும் என்கிறார்கள். மாமியார், "போனைக் கொடு, சும்மா இருப்பான்" என்கிறார். கொடுத்தால் சும்மாதான் இருக்கிறான். வாங்கினால் வீடு இரண்டாகிறது. கணவர் கடையை மூடிவிட்டு இரவு பத்து மணிக்குத்தான் வருகிறார். ஒன்பது வயது மகளும் இருக்கிறாள். அவளைக் கவனிக்கவே முடிவதில்லை. மே கடைசியில் சாத்தூர் பக்கம் கணவரின் ஊருக்குப் போய், குலதெய்வம் கோயிலில் இவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்று வேறு முடிவு செய்திருக்கிறார்கள். இந்த லீவை எப்படிக் கடப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. முதல் வாரம் நன்றாகப் போயிருக்கிறது. இரண்டாவது வாரத்தில்தான் தூக்கமும் கெட்டு, கைக்கடியும் வந்திருக்கிறது. வேன் ஹாரன், டிபன் பாக்ஸ், பள்ளி மணி, மாலையில் தெரபி சென்டரின் படிக்கட்டு எல்லாமே அவனுக்கு "இது முடிந்தது, அடுத்தது இது" என்று சொல்லிக்கொண்டிருந்தவை. திடீரென்று அத்தனையும் நின்றுபோயின. "நாளையிலிருந்து லீவு" என்று உங்கள் மகளிடம் சொன்னால் அவளுக்கு ஒன்றரை மாதமும் விளங்கிவிடும். அவனுக்கு அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. அடுத்த நிமிடம் குளியலா, ஊசியா, பாட்டி வீடா என்று தெரியாமல் ஒரு வாரம் தாங்கியிருக்கிறான். அதற்கு மேல் முடியவில்லை.

அதனால் புதிய விளையாட்டுகளைத் தேடுவதைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். நாளுக்கு ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசை அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பாரம் குறையும்.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் 1972-ல் தொடங்கிய 'டீச்' திட்டம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது எளிது என்பதை அடிப்படையாக வைத்தே வளர்ந்தது. உங்கள் மகனின் தெரபி சென்டரிலும் சுவரில் படங்களை ஒட்டியிருப்பார்கள். அதை வீட்டில் செய்ய அதிகம் செலவாகாது. அவனுடைய குளியல் வாளி, அவனுடைய தட்டு, மொட்டைமாடிப் படி, பாய், பாட்டி எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் வாளி வேண்டாம். உங்கள் வீட்டு நீல வாளிதான் அவனுக்குக் குளியல். போட்டோ கடையில் பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி, பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். அவன் எட்டும் உயரத்தில் மேலிருந்து கீழாக ஐந்தாறு படங்கள் போதும். காலைக்கு ஒரு வரிசை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு வரிசை. ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அவனே பிய்த்து, பக்கத்தில் இருக்கும் டப்பாவில் போட வேண்டும். டப்பாவில் விழும் அந்தச் சத்தமே பல பிள்ளைகளுக்கு "முடிந்தது" என்பதற்கு அடையாளமாகிவிடும். மணி எழுதாதீர்கள், எட்டரைக்கு என்று எழுதி எட்டே முக்காலுக்கு நடந்தால், மணி தெரிந்த பிள்ளைக்கு அது புதிய தொல்லை. படம் இன்னும் புரியவில்லை என்றால் பொருளையே கையில் கொடுங்கள்: குளிப்பதற்குக் குவளை, வெளியே போவதற்குச் செருப்பு.

இன்னொரு அட்டையும் வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஒரு கேள்விக்குறி மட்டும் போட்ட அட்டை. "இங்கே ஏதோ மாறப்போகிறது" என்று அதற்குப் பொருள். முதல் வாரத்தில் அந்த அட்டை வரும்போதெல்லாம் அவனுக்குப் பிடித்த ஒன்றே நடக்கட்டும்: குச்சி ஐஸ், பைக்கில் ஒரு சுற்று. மாற்றம் என்றால் எப்போதும் கெட்டது வராது என்பது உடம்பில் பதிந்த பிறகு, கரண்ட் போன மாலையிலும் விருந்தாளி வந்த மதியத்திலும் அதே அட்டையை வைக்கலாம்.

எழும் நேரம், குளியல், சாப்பாடு, தூக்கம் நான்கும் பள்ளி நாட்களில் இருந்தபடியே இருக்கட்டும். வேன் வரும் நேரத்தில் ஷூ போட்டுத் தெருமுனை வரை நடந்து வாருங்கள். சென்டர் மூடியிருக்கும் அந்த இரண்டு வாரமும், தெரபி நேரத்தில் பாயை விரித்து உட்காருங்கள். மூடும் முன்பே அங்கே உள்ளவர்களிடம், "வீட்டில் செய்ய இரண்டே இரண்டு சொல்லுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். பத்துப் பயிற்சிகளை எழுதிக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிள்ளைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் அங்கும் விசாரிக்கலாம். முப்பது நாளில் பேச்சு வந்துவிடும் என்று வாக்குக் கொடுப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பேச்சுக்கு யாராலும் தேதி குறிக்க முடியாது. முன்பின் தெரியாத இடத்தில் நாள் முழுக்க உட்கார்த்தி வைப்பது, விடுமுறையில் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளையை மேலும் கலைக்கும்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். நீங்கள் செய்துவைத்ததை அவன் பார்க்காததற்குக் காரணம், அவை யாரோ ஒரு பிள்ளைக்காக யோசித்தவை. அவனுக்கு என்ன பிடிக்கும் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கதவு, மூடி, செருப்பு. ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக எழுதிய லியோ கானர், 1943-ல் 11 பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோதே, பாத்திரத்தையும் மூடியையும் சுழலவிட்டு மகிழ்ந்த பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். இதை நிறுத்த வேண்டிய கெட்ட பழக்கமாகப் பார்க்காதீர்கள். அவன் உலகத்துக்குள் நுழைய நமக்கு இருக்கும் வழியே அதுதான்.

மூடி சுற்றுகிறவன் பக்கத்தில் நீங்களும் ஒரு மூடியோடு உட்காருங்கள். பேசாமல் சுற்றுங்கள். அவன் ஓரக்கண்ணால் பார்ப்பான். பம்பரம், தண்ணீரில் மிதக்கவிட்ட எவர்சில்வர் தட்டு, தரையில் சுழலும் வளையல் என்று மெல்ல அதே குடும்பத்தைச் சேர்ந்த பொருட்களைக் கொண்டுவரலாம். சுழற்றும் முன் "ஒண்ணு... ரெண்டு..." என்று சொல்லி நிறுத்துங்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும் நொடியில், அல்லது "மூணு" என்று ஏதோ ஒரு ஒலி வரும் நொடியில் சுழற்றுங்கள். மேசையில் உட்காரவைத்து எடுக்கும் அரைமணி நேரப் பாடத்தில் கிடைக்காத பேச்சுப் பயிற்சி அந்த ஒரு நொடியில் இருக்கிறது. கதவு பிடிக்கும் என்றால், பழைய செருப்பு டப்பாவில் நாலைந்து சின்னக் கதவுகளை வெட்டி, உள்ளே அப்பா, அக்கா, வேன், நாய் படங்களை ஒட்டுங்கள். செருப்பு அடுக்கும்போது, அடுத்த செருப்பை உங்கள் மகள் கையில் வைத்திருக்கட்டும். அவன் கைநீட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டும். வரிசையை மட்டும் கலைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு விளையாட்டில் ஐந்து நிமிடம் இருந்தாலே நல்லது. நேற்றுச் செய்ததையே இன்றும் நாளையும் செய்யலாம். தினமும் புதிது வேண்டும் என்று நினைப்பது நாம்தான். அவனுக்குத் தெரிந்தது திரும்ப வருவதில்தான் நிம்மதி.

அடுத்தது உடம்பு. இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். கைக்கடி திரும்ப வந்தால் முதலில் பல், காது, வயிறு மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கலையும் பல்வலியையும் சொல்லத் தெரியாத பிள்ளை கடித்துத்தான் சொல்லும். அவை இல்லை என்று தெரிந்தால், தசையும் மூட்டும் அழுத்தம் கேட்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கனமான வேலை கொடுங்கள். வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. தண்ணீர் நிரப்பிய பாட்டிலைச் சுமந்துபோய்ச் செடிக்கு ஊற்றுவது, ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவது, சப்பாத்தி மாவைக் குத்திப் பிசைவது, அக்காவைப் போர்வையில் உட்காரவைத்து இழுப்பது. உட்கார்ந்து செய்யும் எதற்கும் முன்னால் இப்படிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதிய தொனியில் ஒரு வருத்தம் தெரிந்தது. அவரிடம்தான் அவனுக்கு வேண்டிய பல வேலைகள் இருக்கின்றன. கோடை என்றால் வற்றல், புளி. காலை வெயில் ஏறுமுன் மொட்டைமாடியில் வேட்டியை விரித்து, ஆறிய கூழை நாழியில் இட்டுப் பிழியும்போது அழுத்துவதற்கு அவன் கையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிசுபிசுப்பு பிடிக்கவில்லை என்றால் கையில் கரண்டி கொடுக்கலாம். தொடும்படி வற்புறுத்தக் கூடாது. புளியில் கொட்டை எடுப்பது, வேர்க்கடலை உடைப்பது எல்லாம் விரலுக்கு அருமையான வேலைகள். ஆனால் வாயில் எதையும் போடும், மூக்கில் எதையும் நுழைக்கும் பழக்கம் அவனுக்கு இருந்தால் கொட்டை, பயறு, சோழி எதுவும் வேண்டாம். கீரை ஆயலாம், உருளைக்கிழங்கு கழுவலாம். "இதை இவனோடு செய்ய உங்களால்தான் முடியும்" என்று ஒருமுறை அவரிடம் சொல்லிப் பாருங்கள். போனைக் கொடு என்று சொல்வதும் அவருக்கு வேறு வழி தெரியாததால்தான்.

போன் பற்றி: 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 5 முதல் 10 வயதுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்று இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2021-ல் வழிகாட்டியது. உங்கள் வீட்டுச் சண்டை அதைவிட, போன் எப்படி முடிகிறது என்பதில்தான் இருக்கிறது. எப்போது கிடைக்கும், எப்போது பிடுங்கப்படும் என்று தெரியாத ஒன்றை யாரும் எளிதில் விடமாட்டார்கள். அதையும் சுவர் வரிசையில் ஒரு படமாக்குங்கள். தினமும் ஒரே இடம், ஒரே வேளை. தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். மணல் கடிகாரம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். முடியும்போது கையில் வேறொன்று வந்துவிட வேண்டும், அவனுக்குப் பிடித்த தின்பண்டமோ தண்ணீர் விளையாட்டோ. முதல் சில நாட்கள் அழுவான். அழுகைக்காகத் திரும்பக் கொடுக்காதீர்கள். அவன் போன் பார்க்கும் நேரத்தில் குற்ற உணர்வில்லாமல் சமையுங்கள், அல்லது காலை நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளில் இரண்டு முறையாவது 'சும்மா' என்றும் ஒரு படம் இருக்கட்டும். அவன் மூலை, அவன் தலையணை, அவன் செருப்பு வரிசை. அப்போது யாரும் எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது. சேலைத் தூளி கட்டினால் கொக்கியைச் சரிபார்த்து, நீங்கள் பக்கத்தில் இருந்து ஆட்டுங்கள்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை: தாகம், வெப்பம், உடல் சோர்வு ஆகியவற்றை உணர்ந்து சொல்வது இந்தப் பிள்ளைகளில் பலருக்கு எளிதல்ல. அவன் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் ஒவ்வொரு படம் டப்பாவில் விழும்போதும் இரண்டு மிடறு தண்ணீர் கொடுங்கள். வெளியே போவது காலை எட்டுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின்.

இப்போது ஊர்ப் பயணம். இங்கே நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

2012-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் நான்கு வயதுக்குப் பின் ஒருமுறையாவது சொல்லாமல் வெளியேற முயன்றிருந்தார்கள். அப்படி வெளியேறும் பிள்ளைகளுக்குத் தண்ணீர்தான் பெரிய ஆபத்து. ஊரில் இறங்கியதும் பெட்டியைத் திறக்கும் முன், கிணறும் கண்மாயும் எங்கே இருக்கின்றன, எந்த வாசல் எப்போதும் திறந்தே கிடக்கிறது என்று உங்கள் கணவர் போய்ப் பார்த்துவர வேண்டும். கதவின் மேற்பகுதியில் ஒரு தாழ்ப்பாள். அவன் சட்டை உட்புறத்தில் உங்கள் போன் எண். கூட்டத்தில் "எல்லாரும் பார்த்துக்கிறோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை. இந்த ஒரு மணி நேரம் சித்தப்பா, அடுத்த ஒரு மணி நேரம் அப்பா என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள், பிறகு மற்ற இடங்கள். 112-க்கும் 1098-க்கும் உடனே சொல்லுங்கள். வீட்டிலும்கூட அண்டாவில் நீர் நிரப்பி விளையாடவிட்டால், முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள்.

மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில் வேண்டாம். தலையில் ஈரம், கத்தி, பின்னங்கழுத்தில் அந்நியர் விரல், மேளம், வெடிச்சத்தம், நாலு பேர் பிடி, அதற்கு மேல் காதில் ஊசி. தொடுதலும் சத்தமும் நம்மைவிடப் பல மடங்காக உறைக்கும் பிள்ளைக்கு இது சடங்காகத் தெரியாது. பிடித்து அமுக்கி ஒருமுறை முடித்துவிடலாம்தான். அதன் பிறகு சலூன் நாற்காலியும் பல் மருத்துவர் நாற்காலியும் வருடக்கணக்கில் போர்க்களமாகிவிடுவதை என்னிடம் வரும் குடும்பங்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காதுகுத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள். புண் ஆறும்வரை அவன் அதைப் பிய்க்காமல் விடமாட்டான், சின்னத் தோட்டை விழுங்கவும் செய்யலாம். மொட்டைக்குப் பதில் பூமுடி கொடுக்கும் வழக்கம் நம் கோயில்களில் உண்டு. இரண்டு மூன்று முடிக்கற்றைகளைக் கத்தரித்துக் காணிக்கையாக்கினால் வேண்டுதல் நிறைவேறியதாகவே பெரியவர்கள் ஏற்கிறார்கள். இதை மாமனார் மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வது நல்லது, அதுவும் ஊருக்குப் போவதற்கு நாலைந்து வாரம் முன்பே.

மொட்டைதான் என்று முடிவானால் இன்றே பழக்க ஆரம்பியுங்கள். டிரிம்மரை முதலில் அடுத்த அறையில் ஓடவிடுங்கள். பிறகு அதே அறையில். பிறகு அப்பா தலையில். பிறகு அணைத்த டிரிம்மரை அவன் தோளில், கழுத்தில். அவன் ஒதுங்கினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். அன்றைக்குக் கூட்டம் சேருமுன் விடியற்காலையில், அப்பா மடியில், காதுக்கு ஒலி தடுக்கும் ஹெட்போனோடு அல்லது பஞ்சோடு முடித்துவிடலாம். ஊர் வீட்டில் ஓர் அறை அவனுக்காக ஒதுங்கியிருக்கட்டும். படவரிசையும் அவன் தட்டும் போர்வையும் பையில் முதலில் போக வேண்டும்.

அங்கே அவன் உடைந்து அழுதால், சமாதானம் சொல்லாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், மிரட்டாதீர்கள். வெளிச்சத்தையும் ஆட்களையும் குறையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவன் எதையும் சாதிப்பதற்காக அழவில்லை. அந்த நேரத்தில் அவனால் நிறுத்த முடியாது.

உங்கள் மகளுக்காக ஒரு வேண்டுகோள். அவளுடைய படம் ஒன்றையும் சுவரில் ஒட்டுங்கள்: தினமும் அரைமணி நேரம், அம்மாவும் அவளும் மட்டும். அந்த நேரத்தில் தம்பி பாட்டியிடம் இருப்பான். அவள் பொருட்களைப் பூட்டிவைக்க ஒரு பெட்டி கொடுங்கள். தம்பியோடு விளையாட விருப்பமில்லை என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. அதேபோல ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் அப்பாவின் பொறுப்பு, நீங்கள் வீட்டில் இருக்கவே கூடாது.

கடைசியாக, பள்ளி திறப்பு. மே கடைசி வாரத்திலிருந்து சீருடையையும் புதிய பையையும் கண்ணில் படவிடுங்கள். ஒன்றாம் வகுப்பு வேறு அறை, வேறு ஆசிரியை. பள்ளியில் கேட்டு, ஆட்கள் இல்லாத ஒரு நாளில் அந்த வகுப்பறைக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்து வாருங்கள். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வருவது நல்ல வழிதான், ஆனால் திறக்கும் தேதியில் அவசரப்பட்டு வட்டம் போடாதீர்கள். 2023-ல் வெயில் காரணமாகத் தமிழ்நாட்டில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஜூன் 5 என்று இருந்தது ஜூன் 7 ஆகி, பிறகு ஜூன் 14 ஆனது. 2024-லும் ஜூன் 6, ஜூன் 10 ஆகத் தள்ளிப்போனது. அறிவிப்பு உறுதியாகும்வரை அந்தக் கட்டத்தில் கேள்விக்குறி அட்டையை ஒட்டிவையுங்கள். அதற்குள் அது அவனுக்குப் பழகியிருக்கும்.